நிரல்பெயர்ப்பிக்குச் சொல்லும் சொல்: இயக்கமுறைமை ஆக்கத்தில் விருப்பத்தேர்வுகளை எளிதாக்குதல்



மொழிக்கென அமைந்த மன்றத்தின் சொற்பொழிவு வரிசையில் கணினியின் உள்ளறை பற்றிய பொருளை எடுத்துக்கொண்டது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் இன்று நாம் பேசவிருப்பது அடிப்படையில் மொழி பற்றிய செய்திதான். மாந்தர் ஒரு கருவியிடம் தம் விருப்பத்தை எவ்வாறு சொல்வது, அதனை எங்கே எழுதி வைப்பது, ஒருவர் சொன்னதை மற்றொருவர் எந்த அளவுக்கு மாற்றலாம் என்பவையே நம் வினாக்கள். இலக்கணம் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் இவை புதியவை அல்ல.

பொருளும் இடமும்

கூலாயின் நிலம் கடந்த சில ஆண்டுகளில் மாறி வருவதை நாம் அனைவரும் காண்கிறோம். முன்பு செம்பனை நின்ற இடங்களில் தரவு மையங்கள் எழுகின்றன. செடெனாக் தொழில்நுட்பப் பூங்காவும், கூலாய் யங் தோட்ட நிலத்தில் ஒய்டிஎல் நிறுவனம் அமைத்துவரும் தரவு மையப் பூங்காவும் இவ்வட்டாரத்திலேயே உள்ளன. இத்தகைய மையங்களில் இயங்கும் வழங்கிக் கணினிகளுள் பெரும்பாலானவை லினக்ஸ் என்னும் இயக்கமுறைமையைக் கொண்டே இயங்குகின்றன. லினக்ஸின் மூலநிரல் ஒளிவுமறைவற்றது. எவரும் அதனைப் பெறலாம், படிக்கலாம், தம் தேவைக்கேற்ப மீண்டும் கட்டிக்கொள்ளலாம்.

நம் வாசலுக்கு வந்துவிட்ட இத்தொழிலில் நம் பிள்ளைகள் எந்த இடத்தில் நிற்கப் போகிறார்கள் என்பதே நம் கவலை. கட்டிமுடித்த பொருளைப் பயன்படுத்துவோராக மட்டும் நிற்பதா, அதனைக் கட்டும் திறன் பெற்றோராக நிற்பதா? இவ்விரண்டுக்கும் இடையில் பல வாயில்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றுதான் நிரல்பெயர்ப்பிக்குரிய விருப்பத்தேர்வுகளைத் தாமே அமைக்கும் திறன். சிறு வாயில் என்றாலும் பலர் அங்கேயே தயங்கி நின்றுவிடுகின்றனர்.

நிரல்பெயர்ப்பியின் பணி

‘கம்பைலர்’ என்னும் கருவியைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘நிரல்பெயர்ப்பி’ என வழங்குகின்றன. ‘தொகுப்பி’ என்றும் சொல்வதுண்டு. நாம் முன்னதையே கையாளுகிறோம்; ஏனெனில் அக்கருவி செய்வது தொகுப்பதைவிடப் பெயர்ப்பதே. மாந்தர் எழுதிய மூலநிரலை அது நுண்செயலிக்கு விளங்கும் ஆணைகளாகப் பெயர்க்கிறது.

மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் ஒரு நூலைக் கொடுக்கும்போது சில குறிப்புகளையும் சேர்த்துக் கொடுக்கிறோம். சிறுவர்க்கு ஏற்ற நடையில் வேண்டும் என்கிறோம்; நூறு பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்கிறோம்; மலேசிய வழக்குச் சொற்களை விடாதீர் என்கிறோம். மூலநூல் ஒன்றே ஆயினும் குறிப்பு மாறினால் பெயர்ப்பு மாறும். நிரல்பெயர்ப்பிக்குக் கொடுக்கும் இத்தகைய குறிப்புகளே விருப்பத்தேர்வுகள்.

1987ஆம் ஆண்டு ரிச்சர்டு ஸ்டால்மன் வெளியிட்ட ஜிசிசி என்னும் நிரல்பெயர்ப்பியே இன்றளவும் லினக்ஸ் உலகின் முதன்மைக் கருவியாக விளங்குகிறது. அதன் விருப்பத்தேர்வுகள் நூற்றுக்கணக்கில் விரிந்தவை. அவற்றை மூவகையாகப் பகுத்துக்கொண்டால் மாணவர்க்கு எளிதாகும்.

முதல் வகை உகப்பாக்கம் பற்றியது. ‘ஓ2’ என்றால் விரைவுக்காக நன்கு செப்பம் செய்க என்று பொருள். ‘ஓ3’ என்றால் இன்னும் துணிந்து செய்க; ‘ஓஎஸ்’ என்றால் அளவைச் சுருக்குக. இரண்டாம் வகை இலக்கு நுண்செயலி பற்றியது. எந்த ஆணைகளைப் பயன்படுத்தலாம், எவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று அது வரையறுக்கிறது. மூன்றாம் வகை காப்பும் கட்டுப்பாடும் பற்றியது. நினைவக எல்லை மீறலைக் கண்டறியும் காவல்களைச் சேர்ப்பதும், சில செப்பங்களைச் செய்யாதே எனத் தடுப்பதும் இவ்வகையின.

எங்கே எழுதி வைப்பது?

ஒரு கோப்பை மட்டும் பெயர்ப்பதாயின் விருப்பத்தேர்வுகளைக் கட்டளை வரியிலேயே எழுதிவிடலாம். இயக்கமுறைமை என்பதோ பல்லாயிரம் கோப்புகளின் தொகுதி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கட்டளை எழுதுதல் மாந்தரால் ஆகாது.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1976ஆம் ஆண்டு ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்பார் ‘மேக்’ என்னும் கருவியை உருவாக்கினார். உடன்பணியாற்றிய ஒருவர் தம் நிரலில் இருந்த பிழையைத் திருத்திய பின்னும் திருத்திய கோப்பை மீண்டும் பெயர்க்காமல் விட்டதால் ஒரு காலைப்பொழுது முழுவதையும் வீணே இழந்தார். அந்நிகழ்வே இக்கருவிக்கு வித்தாயிற்று. எந்தக் கோப்பு எதனைச் சார்ந்தது என்று ஒருமுறை எழுதி வைத்தால் மாறியவற்றை மட்டும் ‘மேக்’ மீண்டும் பெயர்க்கும். சி மொழிக்குரிய விருப்பத்தேர்வுகளைச் ‘சிஃபிளாக்ஸ்’ என்னும் ஒரே மாறியில் எழுதி வைக்கும் வழக்கமும் அதனோடு வேரூன்றியது. பல்லாயிரம் இடங்களில் எழுத வேண்டியதை ஓரிடத்தில் எழுதச் செய்தது இத்துறையில் நிகழ்ந்த முதல் எளிமையாக்கம்.

ஓரிடம் என்றதும் அந்த இடம் எது என்ற கேள்வி எழும். ஃபிரீபிஎஸ்டி என்னும் இயக்கமுறைமை இதற்குத் தந்த விடை கருதத்தக்கது. அங்கே பயனர் தம் விருப்பங்களை மூலநிரலுக்குள் எழுதுவதில்லை. அமைப்புக் கோப்புகளுக்கென உள்ள அடைவில் ‘மேக் கான்ஃப்’ என்னும் தனிக்கோப்பில் எழுதுகிறார். மூலநிரல் புதிய பதிப்பாக மாறினாலும் பயனரின் கோப்பு அப்படியே நிற்கும். நாளடைவில் இதிலும் ஓர் இடர்ப்பாடு தெரிந்தது. இயக்கமுறைமைக்காக எழுதிய விருப்பம், அதன்மேல் நிறுவப்படும் பிற மென்பொருள்கள் அனைத்தையும் தாக்கியது. எனவே ஏழாம் பதிப்பிலிருந்து இயக்கமுறைமைக்கு மட்டும் உரிய ‘எஸ்ஆர்சி கான்ஃப்’ என்னும் வேறொரு கோப்பு வகுக்கப்பட்டது. ஒரு விருப்பம் எங்கே எழுதப்படுகிறது என்பதோடு, அது எதுவரை செல்லும் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும் என்னும் பாடம் இதனால் கிடைத்தது.

பொதுவிதி, சிறப்புவிதி, புறனடை

இனி, இச்செய்தியின் நடுநாயகமான பகுதிக்கு வருகிறோம். ஒரே மாறிக்குப் பலர் விருப்பம் சொல்வர். இயக்கமுறைமையை வெளியிடுவோர் ஒன்று சொல்வர். கணினியின் மேலாளர் மற்றொன்று சொல்வர். பயனர் வேறொன்று கேட்பர். குறிப்பிட்ட மென்பொருளைப் பேணுவோர், இது எம் நிரலுக்கு ஒவ்வாது என்பர். இவர்களுள் யார் சொல் நிற்கும்?

இவ்வினாவைத் தமிழ் இலக்கண மரபு நெடுங்காலத்துக்கு முன்பே எதிர்கொண்டது. தொல்காப்பியமும் நன்னூலும் பொதுவிதியை முதலில் கூறும். அதற்கு மாறான இடங்களுக்குச் சிறப்புவிதி கூறும். சொல்லாமல் விடுபட்டவற்றைத் தழுவிக்கொள்ள இறுதியில் புறனடை வகுக்கும். சிறப்புவிதி வந்த இடத்தில் பொதுவிதி ஒதுங்கும். மற்ற இடங்களில் அது மாறாமல் நிற்கும். புணர்ச்சி கற்பிக்கும் ஆசிரியர் எவரும் இதனை நாள்தோறும் கையாளுகின்றனர்.

டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீடு 2010ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய ‘டிபிகேஜி பில்ட்ஃபிளாக்ஸ்’ என்னும் கருவி ஏறத்தாழ இம்முறையில் அமைந்தது. வெளியீட்டாளரின் இயல்பிருப்பு அடித்தளமாக நிற்கும். அதன்மேல் கணினி மேலாளரின் கோப்பு, அதன்மேல் பயனரின் கோப்பு, அதன்மேல் அப்பொழுதைக்குச் சொல்லும் சூழல் மாறி, நிறைவாக மென்பொருளைப் பேணுவோரின் குறிப்பு என ஐந்து அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கிலும் நான்கு வினைகளுக்கு இடமுண்டு: முழுவதையும் மாற்றி எழுதுதல், ஒன்றை நீக்குதல், பின்னே சேர்த்தல், முன்னே சேர்த்தல்.

இந்நான்கு வினைகளைத் தனித்தனியே பெயரிட்டு வைத்ததுதான் அக்கருவியின் பெருஞ்சிறப்பு. இதன் அருமையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். ‘மேக்’ கோப்புகளில் மாறியின் பெயரை அடுத்துச் சமக்குறி இட்டால் பழைய மதிப்பு அழிந்து புதியது அமரும். கூட்டல் குறியைச் சமக்குறியின் முன் இட்டால் பழையது நிற்க, புதியது சேரும். வினாக்குறியை இட்டால், முன்பு எவரும் மதிப்பு எழுதாதபோது மட்டும் புதியது ஏற்கப்படும். ஒரு குறியின் வேறுபாடுதான். ஆயினும் ஒற்று மிகுவதும் மிகாமையும் பொருளை மாற்றுவதைப் போல அந்த ஒரு குறி இயக்கமுறைமையின் தன்மையையே மாற்றிவிடும். விரைவுக்காக ஒன்றைச் சேர்க்க எண்ணிய மாணவர் வெறும் சமக்குறியை இட்டால், வெளியீட்டாளர் வைத்திருந்த காப்புத் தேர்வுகள் அனைத்தும் ஓசையின்றி மறைந்துபோகும். கணினியும் குறை கூறாது, கட்டுமானமும் நிறைவேறும். இழப்பு பின்னரே தெரியும். அழிப்பதற்கும் சேர்ப்பதற்கும் வெவ்வேறு பெயர் இருந்தால் இத்தகைய இழப்புக்கு வழியில்லை.

வினாநிரலாக அமைத்தல்

லினக்ஸின் கருநிரல் வேறொரு வழியில் சென்றது. தொடக்கத்தில் அதனைக் கட்டுவோரிடம் கணினி ஒவ்வொரு வினாவாகக் கேட்கும். இந்தக் கருவிக்கு ஆதரவு வேண்டுமா, அந்த வசதி வேண்டுமா என்று வரிசையாக வினாக்கள் வரும். இடையில் ஒரு விடை தவறினால் பின்னோக்கிச் செல்ல வழியில்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டும். பின்னர் பட்டியலாகக் காட்டும் முறை வந்தது. 2002ஆம் ஆண்டு ரோமன் ஸிப்பல் என்பாரின் ‘கேகன்ஃபிக்’ ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதுவே இன்றும் நிலைத்துள்ளது.

கேகன்ஃபிக் முறையில் ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு பெயர், ஒரு வினாத்தொடர், சார்புகள், விளக்கக் குறிப்பு ஆகியவை உண்டு. ஒன்றைத் தேர்ந்தால்தான் மற்றொன்று பொருளுடையதாகும் என்பதைக் கருவியே அறிந்து பொருந்தாத வினாக்களை மறைத்துவிடும். இன்று கருநிரலில் இத்தகைய தேர்வுகள் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவை. இவ்வளவு பெரிய வினாத்தாளை எவராலும் முழுமையாக எழுத இயலாது. ஆகவே இயல்பிருப்புகள் உள்ளன; நம் கணினியில் இப்போது இயங்கும் கூறுகளை மட்டும் கண்டறிந்து மற்றவற்றை விலக்கும் வழியும் உள்ளது. விளக்கக் குறிப்புகள் பலவற்றின் இறுதியில் ஒரு சிறு அறிவுரை காணப்படும்: ஐயமிருந்தால் வேண்டாம் என்று விடையளிக்கவும் என்பது அதன் கருத்து. கற்போர்க்குக் கைகொடுக்கும் குறிப்பு அது.

நிரல்பெயர்ப்பி விருப்பங்களைப் பொறுத்தவரை கேகன்ஃபிக்கில் ஒரு பெரிய முன்னேற்றம் 2018இல் நிகழ்ந்தது. நிறுவியுள்ள நிரல்பெயர்ப்பிக்கு ஒரு குறிப்பிட்ட விருப்பம் தெரியுமா என்று கேகன்ஃபிக்கே சோதித்துப் பார்க்கும் ஆற்றலை மசஹிரோ யமதா சேர்த்தார். அதனால், பழைய நிரல்பெயர்ப்பி ஏற்காத தேர்வு பயனரின் கண்ணிலேயே படாது. தேர்ந்தெடுத்துவிட்டு அரைமணி நேரம் கழித்துப் பிழைச்செய்தி பெறும் துன்பம் குறைந்தது. பட்டியலில் இல்லாத ஒன்றைச் சேர்க்க விரும்புவோர்க்குக் ‘கேசிஃபிளாக்ஸ்’ என்னும் மாறி உள்ளது. அதில் எழுதுபவை கருநிரலின் சொந்தத் தேர்வுகளுக்குப் பின்னே சேர்க்கப்படும். இலக்கணத்தின் புறனடையை ஒத்த இடம் இது.

சென்னையின் சக்தி

இவையெல்லாம் எங்கோ நடப்பவை என எண்ண வேண்டியதில்லை. சென்னையில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் வீ. காமகோடி உள்ளிட்ட குழுவினர் ‘சக்தி’ என்னும் நுண்செயலித் திட்டத்தை நடத்தி வருகின்றனர். 2018ஆம் ஆண்டு அத்திட்டத்தின் நுண்செயலி ஒன்று லினக்ஸ் இயக்கமுறைமையை இயக்கிக் காட்டியது. ரிஸ்க்-ஃபைவ் எனப்படும் திறந்த ஆணைத்தொகுதியை அடிப்படையாகக் கொண்டது அது.

ரிஸ்க்-ஃபைவ் நுண்செயலியின் திறனை எழுத்துகளால் குறிப்பர். ‘ஐ’ என்பது முழுவெண் கணக்கு. ‘எம்’ என்பது பெருக்கல் வகுத்தல். ‘ஏ’ என்பது இடையில் முறியாத நினைவகச் செயல். ‘எஃப்’, ‘டி’ இரண்டும் பதின்மப் புள்ளி எண்களின் கணக்கு. ‘சி’ என்பது சுருக்கிய ஆணைகள். இவ்வெழுத்துகளை முறையாகக் கோத்து நிரல்பெயர்ப்பிக்குச் சொல்ல வேண்டும். ஓர் எழுத்து மிகுந்தால் நுண்செயலிக்குத் தெரியாத ஆணை பிறந்து நிரல் நின்றுவிடும். ஓர் எழுத்து குறைந்தால் இருக்கும் திறன் வீணாகும்.

இச்சுமையை மாணவரின் தோளிலிருந்து இறக்கச் சக்தி குழுவினர் தம் மென்பொருள் கருவித்தொகுதியில் எளிய வழியொன்றைக் கையாண்டனர். பினாகா, பரசு, வஜ்ரா என இலக்கு அமைப்புகளுக்குப் பெயரிட்டனர். நிரலைக் கட்டும் மாணவர் இலக்கு என்னும் இடத்தில் இப்பெயர்களுள் ஒன்றை எழுதினால் போதும். பினாகா என்றால் 32 இருமிக்குரிய விருப்பங்களும், வஜ்ரா என்றால் 64 இருமிக்குரியனவும் தாமே பொருந்தும். வில்லின் பெயரும் படைக்கலத்தின் பெயரும் நினைவில் நிற்பவை. எழுத்துக்கோவையோ எளிதில் பிறழக்கூடியது. நல்ல பெயர் ஒன்று நீண்ட விதித்தொகுதியைச் சுமக்கவல்லது என்பதற்கு இது தக்க சான்று.

லினக்ஸ் கருநிரலும் ரிஸ்க்-ஃபைவ் நுண்செயலிகளுக்கு இதை ஒத்த முறையையே கொண்டுள்ளது. 64 இருமியா, பதின்மப் புள்ளிக் கணக்கு உண்டா, சுருக்கிய ஆணைகள் உண்டா என்று கேகன்ஃபிக் வினவும். விடைகளைக் கொண்டு எழுத்துக்கோவையை அதுவே கட்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பதின்மப் புள்ளிக் கணக்கு வேண்டும் எனப் பயனர் விடையளித்தாலும், கருநிரலின் சி மொழிக் கோப்புகளைப் பெயர்க்கும்போது ‘எஃப்’, ‘டி’ இரண்டையும் அது நீக்கிவிடும். ஏனெனில் பதின்மப் புள்ளிப் பதிவகங்கள் பயனரின் நிரல்களுக்கு உரியவை. கருநிரல் முன்னறிவிப்பின்றி அவற்றைத் தொட்டால் பயனரின் கணக்குகள் ஓசையின்றிக் கெடும். இவ்விலக்கை அறியாத ஒருவர் கேசிஃபிளாக்ஸ் வழியாக முழு எழுத்துக்கோவையையும் இறுதியில் சேர்த்தால், இறுதியில் வந்ததே வெல்லும் என்னும் விதிப்படி விலக்கு அழிந்துவிடும். பட்டியல் வழியே சென்றவர்க்குக் காவல் உண்டு. புறனடை வழியே செல்வோர்க்கு அறிவே காவல்.

எளிமையின் எல்லை

இதுவரை எளிமையைப் போற்றினோம். அதன் எல்லையையும் கூறவேண்டும்.

2009ஆம் ஆண்டு லினக்ஸ் கருநிரலின் வலையமைப்புப் பகுதி ஒன்றில் ஒரு பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. நிரலாளர் ஒரு சுட்டியை முதலில் பயன்படுத்திவிட்டு, அது வெற்றுச்சுட்டியா என்று அடுத்த வரியில் சோதித்திருந்தார். நிரல்பெயர்ப்பியோ, முன்னரே பயன்படுத்திவிட்டதால் அது வெற்றாக இருக்க முடியாது என முடிவு செய்து அச்சோதனையையே நீக்கிவிட்டது. மொழி விதிப்படி அது செய்தது முறையே. ஆயினும் நீங்கிய அந்த ஒரு சோதனையின் வழியே அயலார் கணினியின் முழு ஆட்சியையும் கைப்பற்ற முடிந்தது. நிரல் வரி திருத்தப்பட்டது. அதனோடு அத்தகைய சோதனைகளை நீக்காதே என்னும் விருப்பத்தேர்வும் கருநிரலின் நிலையான தேர்வுகளில் சேர்க்கப்பட்டது. கட்டுமானக் கோப்பில் இன்று பொருளற்றதுபோல் தோன்றும் ஒரு சொல்லுக்குப் பின்னால் இத்தகைய வரலாறு இருக்கக்கூடும். அழிக்கும் முன் ஏன் உள்ளது எனக் கேட்க வேண்டும்.

உகப்பாக்கத்துக்கும் இது பொருந்தும். பெரிய எண் பெரிய விரைவைத் தரும் என்பது பலரின் எண்ணம். ‘ஓ9’ என்று எழுதுவோரும் உண்டு. ஜிசிசியோ மூன்றுக்கு மேற்பட்ட எண் எதனையும் மூன்றாகவே கொள்ளும். கருநிரலுக்கு ‘ஓ3’ தேர்வைப் பரவலாகத் திறந்துவிடும் முன்மொழிவு 2022இல் வந்தபோது லினஸ் டோர்வால்ட்ஸ் அதனை ஏற்கவில்லை. துணிந்த செப்பம் பல வேளைகளில் பருத்த, மெதுவான ஆணைகளையே தந்துள்ளது என்பது அவர் கருத்து. அளந்து பார்த்துத் தேர்வதே முறை.

மூன்றாவதாக ஒன்று. 2020இல் இன்டெல், ஏஎம்டி ஆகிய ஆக்குநர்களும் ரெட் ஹாட், சூசே ஆகிய வெளியீட்டாளர்களும் கூடி, 64 இருமி நுண்செயலிகளை நான்கு படிநிலைகளாக வகுத்தனர். அதுவரை தனித்தனியே எழுதிய ஏறக்குறைய பத்து விருப்பங்களின் இடத்தில் ‘மூன்றாம் படி’ என்று ஒரே பெயரைச் சொன்னால் போதும் என்றாயிற்று. மிகப்பெரிய எளிமை இது. புதிய வழங்கிகள் நிறைந்த தரவு மையங்களுக்கு இதனால் நன்மையே. ரெட் ஹாட் நிறுவனத்தின் ஒன்பதாம் வெளியீடு இரண்டாம் படியையும், பத்தாம் வெளியீடு மூன்றாம் படியையும் அடித்தளமாகக் கொண்டன. ஆனால் அப்படிநிலைக்கு எட்டாத பழைய கணினிகளில் அவ்வெளியீடுகள் இயங்கா. கொடையாக வந்த பழைய கணினிகளைக் கொண்டு கற்பிக்கும் பள்ளிகள் எங்கெங்கும் உள்ளன. முதற்படியிலேயே நிற்கும் டெபியன் போன்றவையும், தாமே கட்டிக்கொள்ளும் திறனும் அவற்றுக்கு உயிர்நாடி. ஒருவர்க்கு எளிதாக அமைந்த இயல்பிருப்பு மற்றொருவர்க்கு அடைத்த கதவாகலாம். அக்கதவைத் திறக்கும் வழியே விருப்பத்தேர்வு. அதனை எளிதாக்குவது நேர்மை சார்ந்த செயலும் ஆகும்.

தமிழுக்கு உரிய பணி

மலேசியத் தமிழர்க்குக் கணினித் தமிழில் பெருமிதம் கொள்ள உரிமை உண்டு. முத்து நெடுமாறன் அவர்களின் முரசு மென்பொருள் இம்மண்ணில் உருவானது. 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. எழுத்தைக் கணினியில் ஏற்றும் பணியில் முன்வரிசையில் நின்றோம். ஆனால் கணினியைக் கட்டும் அறிவைத் தமிழில் சொல்லும் பணியில் பின்தங்கி உள்ளோம்.

இதற்கு ஒரு சான்று காட்டுவோம். கேகன்ஃபிக்கின் வினாக்களையும் விளக்கங்களையும் பிறமொழிகளில் காட்டுவதற்கான வசதி 2005இல் சேர்க்கப்பட்டது. விரும்பிய மொழியினர் மொழிபெயர்ப்புக் கோப்பை அமைத்தால், கருவி அம்மொழியில் பேசும். பதின்மூன்று ஆண்டுகள் அக்கதவு திறந்தே இருந்தது. 2018இல் அவ்வசதி நீக்கப்பட்டது. அது பழுதுற்றுக் கிடக்கிறது, பயன்படுத்துவோர் இருப்பதாகத் தெரியவில்லை, ஐந்தாண்டுகளாக அதுபற்றி எவரும் எதுவும் செய்யவில்லை என்பவையே சொல்லப்பட்ட காரணங்கள். நிரல்பெயர்ப்பியைச் சோதிக்கும் வசதி சேர்ந்த அதே ஆண்டில், நாம் முன்னர்ப் போற்றிய அந்த ஆண்டில், மொழிக்கான வசதி நீங்கியது. எவரும் நம்மைத் தடுக்கவில்லை. திறந்திருந்த வாயிலில் நுழைவோர் இல்லாமையால் அது மூடப்பட்டது.

எனினும் எல்லாம் முடிந்துவிடவில்லை. கருநிரலின் ஆவணங்களுக்குள் மொழிபெயர்ப்புகளுக்கென ஓர் அடைவு இன்றும் உள்ளது. சீனம், யப்பானியம், கொரியம், இத்தாலியம், இசுபானியம் முதலிய மொழிகள் அங்கே இடம்பெற்றுள்ளன. தமிழ் அங்கே இல்லை. இந்தியாவின் சி-டாக் நிறுவனம் சென்னையிலிருந்து 2007இல் வெளியிட்ட பாஸ் என்னும் லினக்ஸ் வெளியீடு பயனர் திரையில் தமிழைக் கொண்டுவந்தது. பயன்படுத்துவோர்க்கான தமிழ் அது. கட்டுவோர்க்கான தமிழ் இனிமேல்தான் எழுதப்பட வேண்டும்.

இப்பணிக்குப் பொருட்செலவு மிகுதியாக வேண்டியதில்லை. ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் நான்கு.

முதலாவது, கலைச்சொல்லில் ஒருமைப்பாடு. நிரல்பெயர்ப்பி, தொகுப்பி ஆகியவற்றுள் எதனை ஏற்றாலும் ஒரு பள்ளியின் பாடக்குறிப்புகளுக்குள் மாறாமல் வழங்க வேண்டும். மாறியின் பெயரை மட்டும் உள்ளபடியே விட்டுவிட வேண்டும். அதனை மொழிபெயர்த்தால் கருவிக்கு விளங்காது.

இரண்டாவது, விளக்கக் குறிப்புகள். பதினைந்தாயிரத்தையும் பெயர்க்க வேண்டியதில்லை. ஒரு பள்ளிக் கணினியில் லினக்ஸ் கட்டுவோர்க்குத் தேவைப்படும் ஐம்பது தேர்வுகளைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் அது என்ன, ஏன், எப்போது வேண்டாம் என மூன்று வரி எழுதினால் பயனுள்ள கைந்நூல் ஒன்று கிடைத்துவிடும். மூத்த மாணவர் ஒரு விடுமுறைக் காலத்தில் முடிக்கக்கூடிய பணி இது.

மூன்றாவது, பதிந்து வைக்கும் பழக்கம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல்களைப் பதிப்பித்தபோது பாட வேறுபாடுகளைக் குறித்து வைத்தார். அதனால்தான் பின்வந்தோர் அவர் முடிவுகளைச் சரிபார்க்க முடிகிறது. நாம் கட்டும் இயக்கமுறைமைக்கும் எந்த நிரல்பெயர்ப்பியின் எந்தப் பதிப்பால், எந்த விருப்பங்களோடு கட்டினோம் என்னும் குறிப்பு வேண்டும். கருநிரல் தன் அமைப்புத் தேர்வுகளைத் தன்னுள்ளேயே சேமித்துக்கொள்ளும் வசதியையும் கொண்டுள்ளது. அதனை இயக்கி வைத்தால், பின்னொரு நாள் அதே கட்டுமானத்தை மீண்டும் செய்ய இயலும்.

நான்காவது, வகுப்பறையில் ஒரு சோதனை. சிறு நிரல் ஒன்றை ‘ஓ2’, ‘ஓ3’, ‘ஓஎஸ்’ ஆகிய மூன்று விருப்பங்களோடும் பெயர்த்து, அளவையும் ஓடும் நேரத்தையும் மாணவரே அட்டவணையிடட்டும். முடிவு எதிர்பார்த்ததற்கு மாறாக வரலாம். அவ்வாறு வந்தால் ஆசிரியர் மகிழ வேண்டும். அங்கேதான் கற்றல் தொடங்குகிறது.

அவையோரே, ஒரு விருப்பத்தை எளிதில் சொல்லச் செய்வதற்கு வேண்டியவை ஐந்து எனக் கண்டோம்: எழுதுவதற்கு ஓர் இடம், அது செல்லும் எல்லை, அடுக்குகளின் ஒழுங்கு, நினைவில் நிற்கும் பெயர், புரியும் மொழியில் விளக்கம். முதல் நான்கையும் உலகெங்கும் உள்ள நிரலாளர் தம் உழைப்பால் தந்துவிட்டனர். ஐந்தாவதை நமக்காகப் பிறர் செய்து தரமாட்டார்கள். கூலாயின் தரவு மையங்களுக்குள் நாளை நுழையும் நம் இளைஞர், அங்குள்ள கணினிகள் ஏன் அவ்வாறு கட்டப்பட்டன என்று தமிழில் எண்ணி, எம்மொழியிலும் விடை சொல்லும் வல்லமை பெற வேண்டும். அதற்கான முதற்கைந்நூலை இவ்வட்டார ஆசிரியரும் மாணவரும் எழுதுவாராக.